வெயில் ஆகாத மருந்து

எங்கள் ஆஸ்பத்திரி நர்சுகளுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. வேலையில் இருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், பாதியிலே கல்யாணமாகிப் போனவர்கள் என்று எல்லோரும் அதில் கிடக்கிறோம். காலையில் பூப்படம், படுக்கப்போகும்போது பூப்படம், நடுவில் யாராவது இறந்துபோன செய்தி. அவ்வளவுதான் அதன் உபயோகம். போன வாரம் யாரோ ஒரு வீடியோவைப் போட்டார்கள். ஒரு டாக்டர் பேசுகிறார். புற்றுநோய்க்கு இனிமேல் வருகிற மருந்துகள் ரத்தத்தில் தூங்கிக்கொண்டே போகுமாம். கட்டி இருக்கிற இடத்துக்குப் போன பிறகுதான் கண்விழிக்குமாம். மற்ற இடத்தில் எந்தத் தொந்தரவும் செய்யாதாம். அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டும் பொம்மை போட்டிருந்தார்கள்.

நான் கைதட்டவில்லை. பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன். அதுவே குற்றமாகிவிட்டது. எனக்குப் பிறகு வார்டுப் பொறுப்புக்கு வந்த ஸ்டெல்லா மறுநாளே போன் செய்தாள்.

“என்னக்கா, பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம இருக்கீக? கோவமா?”

“கோவம் என்னடி கோவம். அந்த மாதிரி மருந்த நான் என் கையால கலக்கியிருக்கேன். அது தூங்குனதையும் பாத்தேன், முழிச்சதையும் பாத்தேன்.”

“அப்ப அத எழுதிப் போடுங்க. இப்ப வந்திருக்கிற பிள்ளைகளுக்கு அதெல்லாம் யாரு சொல்றா?”

எழுதினால் நீளமாகும், யாரும் படிக்க மாட்டார்கள் என்றேன். “நீங்க பேசுனாலும் நீளந்தானக்கா, எழுத்துன்னா நிறுத்தி நிறுத்திப் படிக்கலாம்ல” என்றாள். வாய்க்கொழுப்புக்குக் குறைவில்லை அவளுக்கு. சரி, நிறுத்தி நிறுத்தியே படிக்கட்டும்.

எனக்குச் சொந்த ஊர் கல்லலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மதுரையில் நர்சிங் படித்தேன். ஊசி போடக் கற்றதும், திட்டு வாங்கிக்கொண்டு முகம் மாறாமல் நிற்கக் கற்றதும் அங்கேதான். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எல்லோரும் படித்த படிப்புதான். பிறகு காரைக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, அங்கேயே நரைத்தேன். முதல் பாதி பிரசவ வார்டு, பின்பாதி புற்றுநோய் வார்டு. முதல் வார்டில் ஆளாளுக்குச் சீனியை அள்ளி வாயில் போடுவார்கள். இரண்டாவது வார்டில் வீட்டுக்குப் போகிறவர்கள் சொல்லிக்கொள்ளாமல் போவார்கள். “போயிட்டு வாரேன்” என்று சொல்ல அவர்களுக்குப் பயம்.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை என்று நம்மில் சொல்வதுண்டு. கீமோ மருந்து ஏற்றும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும். கட்டி இருப்பது ஒரு இடத்தில். முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, வயிறு பிரட்டுகிறது. எலி சாகிறதோ இல்லையோ, வீடு எரிந்துவிடும். அதனால்தான் எங்கள் பெரிய டாக்டர் அந்தப் புது மருந்தைக் கொண்டுவந்தபோது நானும் சந்தோஷப்பட்டேன். அன்றைக்கு வாட்ஸ்அப் இருந்திருந்தால் நானும் கைதட்டும் பொம்மை போட்டிருப்பேன்.

பெரிய டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர், குரல் உயராது. நான் வேலை பார்த்த இத்தனை டாக்டர்களில் திட்டாத ஒரே ஆள் அவர்தான். ஆனால் அவரிடம் பயந்த அளவுக்கு நான் யாரிடமும் பயந்ததில்லை. தப்பு நடந்தால் “காரணம்?” என்று ஒரு வார்த்தை கேட்பார். கேட்டுவிட்டுக் காத்திருப்பார். நாம் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்பார். சொல்லி முடிக்கும்போது நமக்கே வெட்கமாக இருக்கும். கத்துகிறவர்களை நம்பலாம், கத்தி முடித்ததும் டீ கேட்பார்கள். இவர் டீயும் கேட்க மாட்டார்.

அந்த மருந்து தூளாக வரும். சர்க்கரைத் தண்ணீர் பாட்டிலிலிருந்து எடுத்து ஊற்றிக் கரைத்தால் பீட்ரூட் அரைத்த மாதிரிக் கருஞ்சிவப்பாகும். கலந்த உடனே வெள்ளித்தாள் சுற்றிவிட வேண்டும், வெளிச்சம் படக்கூடாது. நரம்பில் மெதுவாக ஏற்ற வேண்டும். அது உடம்பு முழுக்கப் போகும். மற்ற இடத்திலிருந்து சீக்கிரம் வடிந்துவிடும். கட்டியிலும் தோலிலும் மட்டும் தங்கி நிற்கும். இரண்டு நாள் கழித்து, தொண்டை வழியாக ஒரு மெல்லிய கண்ணாடி இழையைக் கட்டி வரைக்கும் விட்டு, அதன் நுனியில் சிவப்பு வெளிச்சத்தைக் காட்டுவார் டாக்டர். வெளிச்சம் பட்ட இடத்தில் மருந்து விழித்துக்கொண்டு கட்டியைச் சுட்டுவிடும். படாத இடத்தில் தூங்கும். அந்த அளவில் அந்த வீடியோ டாக்டர் சொன்னது பொய்யில்லை.

ஆனால் தோலில் தங்கினது அத்தனை லேசில் போகாது. ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரைக்கும் ஆள் மேல் வெயில் படக்கூடாது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலும் கூடாது. கடையில் விற்கிற வெயில் க்ரீம் எல்லாம் இதற்குக் காசுக்குப் பிரயோஜனமில்லை. ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டுகிற கிளிப் இருக்கிறதே, அதற்குள்ளும் சிவப்பு வெளிச்சம் இருக்கிறது. அதைக்கூட ஒரே விரலில் விட்டுவைக்காமல் மாற்றி மாற்றி மாட்ட வேண்டும்.

வார்டின் கடைசியில் இருந்த பழைய ஸ்டோர் ரூமை இதற்கென்று ஒழித்தோம். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்தேன். டாக்டர் வந்தார். கதவைச் சாத்தி, விளக்கை அணைக்கச் சொல்லி, ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நானும் நின்றேன். கண் இருட்டுக்குப் பழகியதும் மெதுவாகக் கேட்டார்: “சிஸ்டர், அது என்ன?” ஏசி குழாய் போகிற ஓட்டையில் ஊசிமுனை அளவு வெளிச்சம். பஞ்சு வைத்து அடைத்தேன். மறுபடி உட்கார்ந்தார். “இது?” கதவுக்கு அடியில் ஒரு கோடு. போர்வையைச் சுருட்டிப் போட்டேன். மறுபடி உட்கார்ந்தார். இப்படி ஒரு காலைப் பொழுது முழுவதும் போனது. அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் வெளிச்சம் எங்கேயிருந்து வருகிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

வெள்ளைச்சாமி அண்ணன் அந்த ரூமுக்கு வந்தது அடுத்த வருஷம். புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் களத்து மேஸ்திரி. அவித்த நெல்லைக் களத்தில் பரப்பிக் காலால் துழாவிக் காயவைப்பார்கள் இல்லையா, அந்த வேலைக்கு அவர்தான் தலை. நெல்லை ஒரு சிட்டிகை எடுத்து முன்பல்லில் கடிப்பார். “டக்”கென்று உடைந்தால் அள்ளச் சொல்வார், இல்லையென்றால் இன்னொரு வெயில். பிறந்ததிலிருந்து வெயிலிலேயே நின்ற உடம்பு, பனங்கட்டை மாதிரி இருந்தது. சாப்பாட்டுக் குழாயில் புற்று. கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்துக் கொஞ்ச நாள் அடங்கியிருந்து, மறுபடி வளர்ந்துவிட்டது. இரண்டாம் தடவை கரண்டு வைக்க முடியாது. கட்டி தொண்டையை ஒட்டி மேலேயே இருந்ததால், உள்ளே குழாய் பொருத்தவும் தோது இல்லை. மூக்கு வழியாகத் தண்ணியாகாரம் போய்க்கொண்டிருந்தது. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் துண்டில் துப்பிக்கொண்டே இருந்தார். ஆலை முழுக்க அரிசி, ஒரு பருக்கை உள்ளே இறங்காது.

டாக்டர் கட்டில் ஓரமாக உட்கார்ந்து அவருக்கு விளக்கிச் சொன்னார். “இது நோயைத் தீர்க்கிற வைத்தியம் இல்லைங்க. வழியைத் திறக்கிற வைத்தியம். கொஞ்ச காலத்துக்குச் சாப்பிடலாம். இந்த மருந்து தீக்குச்சி மாதிரி. உடம்பு முழுக்கக் குச்சி கிடக்கும். உரசின இடத்துலதான் பத்தும். நான் தொண்டைக்குள்ள உரசுவேன். நீங்க வெயில்ல போனா, அது தோல்ல உரசிரும்.”

வெள்ளைச்சாமி அண்ணன் துண்டில் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார். “ஒரு மாசம் வெயில் படாம இருக்கணுங்கிறாக. களத்துக்காரன எங்குட்டுப் போயி ஒளிச்சு வைப்பீக நர்சம்மா?”

“சோறு திங்கணுமா வேணாமாண்ணே?” என்றேன்.

“திங்கணும்.”

வெளிச்சம் வைத்த அன்று நாங்கள் எல்லோரும் பச்சைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றோம். இழையின் நுனி உள்ளே எரிந்தபோது அவருடைய கழுத்து வெளியிலிருந்து பார்க்கவே சிவப்பாகத் தெரிந்தது. பார்க்கக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. இரண்டு மூன்று நாள் நெஞ்சு வலியில் துடித்தார். பிறகு செத்த சதையைச் சுரண்டி எடுத்தார் டாக்டர். வாரக் கடைசியில் வடித்த கஞ்சி ஒரு மடக்கு இறங்கியது. நாலு நாளில் குழைந்த சோறு. முதல் கவளத்தை வாயில் போட்டு முன்பல்லில் மென்று பார்த்துவிட்டு, “அவியல் சரி, காய்ஞ்சது பத்தல. எந்த மில்லு அரிசி?” என்று கேட்டார். அவர் மனைவி சிவகாமி மதினி சிரித்துக்கொண்டே அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க இருட்டு ரூம் வசதியாக இருந்தது.

பொழுது சாய்ந்த பிறகு வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினோம். மறுநாள் வீட்டைப் பார்த்து வரச் சொன்னார் டாக்டர். புதுவயலுக்கு டவுன் பஸ்ஸில் போய், அங்கிருந்து நடந்தேன். ஓட்டு வீடு. முன்னால் தாழ்வாரமாக ஒரு பத்தி, உள்ளே ஒரு அறை. மதினி ஜன்னலுக்குச் சாக்குக் கட்டி, கதவுக்கு உட்புறம் ஜமுக்காளம் தொங்கவிட்டிருந்தார். பாவம், குண்டு பல்பைக்கூட அணைத்துவைத்திருந்தார். “பல்பு எரியட்டும் மதினி, அது நல்லது. அந்த மாதிரிச் சின்ன வெளிச்சத்துலதான் தோல்ல இருக்கிற மருந்து கொஞ்சம் கொஞ்சமாச் சாகும்” என்று சொல்லிப் போட்டுவிட்டேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அறை நடுவில், தரையில், பாய் அகலத்துக்கு வெயில் கிடந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். கூரையில் ஒரு கண்ணாடி ஓடு. நம் பக்கம் ஓட்டு வீடு என்றால் வெளிச்சத்துக்கு ஒன்று பதித்திருப்பார்கள். பொழுதுக்கும் அந்த வெயில் சுவரிலிருந்து தரைக்கும் தரையிலிருந்து சுவருக்கும் நகர்ந்துகொண்டிருக்கும். யாருக்கும் அது ஜன்னல் என்று தோன்றாது. “அது ஓடுல்ல நர்சம்மா” என்றார் மதினி. வெள்ளைச்சாமி அண்ணனின் கட்டில் அந்த வெயிலுக்கு ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் அவர் காலில் ஏறியிருக்கும். பக்கத்து வீட்டு ஆளைக் கூரையில் ஏற்றி, ஓட்டின் மேல் சாக்கை இரட்டையாக மடித்துப் போட்டுக் கல் வைத்தோம். வெயில் அறையிலிருந்து போனதும் அவர் ஒரு பெருமூச்சு விட்டார். “அது ஒண்ணுதான் பேச்சுத் துணையா இருந்துச்சு” என்றார்.

பேச்சுத் துணைக்கு அவருடைய அம்மாவும் இருந்தார். வயதான மனுஷி, கண் இரண்டிலும் புரை. “எனக்கு இருட்டு என்ன, வெளிச்சம் என்ன” என்று மகனுடைய கட்டிலுக்குக் கீழேயே உட்கார்ந்திருப்பார். தெருவில் போகிறவர்களின் செருப்புச் சத்தத்தை வைத்தே இன்னார் போகிறார் என்று மகனுக்குச் சொல்வார். முடியாமல் கிடக்கிறவரைப் பார்க்காமல் இருந்தால் நம் பக்கம் பெரிய குற்றம். ஆரஞ்சும் ரொட்டியுமாக ஆள் வந்துகொண்டே இருக்கும். அத்தனை பேருக்கும் ஜமுக்காளத்தை விலக்கத் தெரியாது. “சாத்துடா கதவ, எம்மகன் வெந்துருவான்” என்று அந்த அம்மா போடுகிற சத்தத்தில் வந்தவர்கள் ஆரஞ்சை வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். எனக்கு அவரை ரொம்பப் பிடித்தது. என் வேலையை என்னைவிட நன்றாகப் பார்த்தார்.

மாதம் முடிய இன்னும் பத்து நாளுக்கு மேல் இருந்தது. ஒரு காலையில் மதினி போன் செய்தார். “அத்தை போயிட்டாக நர்சம்மா. விடியக்கால எழுப்புனேன், எந்திரிக்கல. இவுக வெளிய வரணும்னு நிக்கிறாக. நான் கதவப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். வெரசா வாங்க.”

நான் போனபோது பந்தல் போட்டாகிவிட்டது. அம்மாவை வெளியே பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். பந்தலில் பாதிக்கு வெயில். மேளம் வந்துவிட்டது. வெள்ளைச்சாமி அண்ணன் ஒரே மகன். அவருடைய பையன் திருப்பூரிலிருந்து இன்னும் வந்துசேரவில்லை. குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவரும் நீர்மாலை எடுக்க வேண்டும், எண்ணெய் வைக்க வேண்டும், சட்டையில்லாமல் வெறும் உடம்போடு சுடுகாடு வரைக்கும் நடந்து கொள்ளி வைக்க வேண்டும். எல்லாம் பகலில் நடக்கிற காரியம். பொழுது சாய்ந்தால் அந்த ஊரில் பிணம் எடுப்பதில்லை.

பங்காளிகள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். “நீர்மாலைக்கு மேல வேட்டி பிடிப்போம்ல, அந்த நெழலு பத்தாதா?” என்றார் ஒருவர். வெள்ளை வேட்டி வெளிச்சத்தை விடும், பத்தாது என்றேன். குடை என்றார்கள். தரையிலிருந்து திரும்புகிற வெளிச்சமே போதும், வெறும் உடம்பு கொப்புளமாகிவிடும் என்றேன். “அப்ப பங்காளி மகன் யாராச்சும் வைக்கட்டும்” என்று இன்னொருவர் சொன்னதுதான் தாமதம், உள்ளேயிருந்து சத்தம் வந்தது. பாதித் தொண்டையில் வந்த சத்தம், ஆனால் தெரு முழுக்கக் கேட்டது.

“எங்க ஆத்தாளுக்கு நாந்தான் வைப்பேன். வேற எவனாச்சும் கைய வச்சா நான் கதவ ஒடைச்சுக்கிட்டு வந்துருவேன். வெந்தா வேகுது.”

பெஞ்சுக்குப் பக்கத்தில் பங்காளிகளில் மூத்தவர், கருப்பையா என்று பெயர், உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

“நீங்க சொல்லுங்க தாயி. சூரியன் எறங்குனா அவன் வெளிய வரலாமா?”

“வரலாங்கய்யா.”

“அப்ப எறங்கட்டும். எண்ணெ வைக்கிறதும் குளிப்பாட்டுறதும் வெளிச்சத்துல நடக்கட்டும், பொம்பளையாளுக இருட்டுல தடவிக்கிட்டிருக்க முடியாது. நீர்மாலைக்கு என் மகன் போகட்டும். தூக்குறது அந்திக்கு.”

“நம்ம ஊர்ல வழக்கமில்லையே மாமா” என்று ஒரு குரல்.

“கெழவி இம்புட்டு நாளு இருட்டுக்குள்ளதான மகனுக்குக் காவல் இருந்துச்சு? ஒரு பொழுது கூட இருந்துட்டுப் போகட்டும். கேக்குறவகளுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்.”

நான் டாக்டருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். சூரியன் மறைந்த பிறகு போகலாம், பந்தலில் கட்டியிருக்கிற போகஸ் லைட்டை மட்டும் அணைக்கச் சொல்லுங்கள் என்றார். “சார், சிதை எரியிற வெளிச்சம்?” என்று கேட்டேன். அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். “முதுகைத் திருப்பிக்கிட்டு நின்னுதானே சிஸ்டர் கொள்ளி வைப்பாங்க? வச்சிட்டுத் திரும்பிப் பார்க்காம வந்துடணும்?” ஆமாம் சார் என்றேன். “அப்ப சரி. எங்க அம்மாவுக்கு நானும் அப்படித்தான் வச்சேன்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அத்தனை வருஷத்தில் அவர் வீட்டு விஷயம் என்று என்னிடம் பேசியது அது ஒன்றுதான்.

அன்றைக்குப் பகல் முழுவதும் நான் அந்த அறையில் அவரோடு உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒப்பாரி. யார் வந்து அழுகிறார்கள் என்று சொல்ல இப்போது ஆளில்லை. அவர் ஜமுக்காளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா நாலடி தூரத்தில் வெயிலில் கிடக்கிறார், மகனால் போய் முகம் பார்க்க முடியவில்லை. எந்தப் பாவிக்கும் அந்த நிலை வரக்கூடாது. “எத்தனை மணி நர்சம்மா” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம், குளிப்பாட்டும் முன் மகன் எண்ணெய் வைத்தாக வேண்டும் என்று கூப்பிட்டார்கள். வெயில் மேற்கேயிருந்து பந்தலுக்கு அடியில் நீளமாக வந்துகொண்டிருந்தது. நான் ஏற்பாட்டோடுதான் இருந்தேன். உடம்பு முழுக்கக் கம்பளி, தலையில் துண்டு, முகத்துக்கு மறைப்பாக இரண்டு கறுப்புக் குடை, இரண்டு கையிலும் கறுப்புத் துணி சுற்றி முடிச்சுப் போட்டேன். பெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினோம். மதினி எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினார். அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார். “துணியோடயா எங்க ஆத்தா தலையத் தொடச் சொல்றீக?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் வலது கை முடிச்சைப் பல்லால் அவிழ்த்துவிட்டார்.

புறங்கையால் எண்ணெயைத் தொட்டு ஒரு தடவை வைத்தால் போதும், அதுதான் வழக்கம். அவர் அப்படி வைக்கவில்லை. உள்ளங்கையில் ஊற்றி, உச்சியில் வைத்து, சின்னப் பிள்ளைக்குத் தேய்க்கிற மாதிரித் தேய்த்தார். முடியைப் பிரித்துப் பிரித்துத் தேய்த்தார். சாய்ந்த வெயில் அவர் கை மேல் விழுந்துகொண்டிருந்தது. நான் குடையைத் தாழ்த்தினேன், அப்போதும் வெயில் பக்கவாட்டில் வந்தது. “போதும்ணே, போதும்ணே” என்றேன். யாரும் அவரைத் தடுக்கவில்லை. முடித்த பிறகுதான் கையை எடுத்தார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தூக்கினார்கள். வெறும் உடம்போடு, நெருப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். தெருமுனையில் நாங்கள் பெண்கள் நின்றுவிட்டோம். மருந்து ஏற்றின நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் தெருவில் நடந்தார்.

மறுநாள் வலது கை புறங்கை முழுவதும் வீங்கி, அடுத்த நாள் கொப்புளமாக எழும்பியது. மணிக்கட்டில் கோடு கிழித்த மாதிரி நின்றுவிட்டது, அதற்கு மேல் கம்பளி இருந்த இடம். அந்தியானதும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். டாக்டர் அந்தக் கையைச் சின்ன விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தார்.

“காரணம்?”

“அவுக அம்மாவுக்கு எண்ணெ வச்சாக சார்.”

“எவ்வளவு நேரம்?”

“கடிகாரம் பாக்கல சார்.”

தலையை ஆட்டினார். கட்டுப் போடுவது என் வேலை. அன்றைக்கு அவரே உட்கார்ந்து போட்டார்.

மாதம் முடிந்ததும் வெளியே போகலாமா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. காகிதப் பையில் ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டை போட்டு, கையை அதற்குள் விட்டு, பத்து நிமிஷம் வெயிலில் நீட்ட வேண்டும். ஒரு நாள் பொறுத்து அந்த வட்டம் சிவக்காமல் இருந்தால் விடுதலை. வலது கை ஆறாததால் இடது கையில் செய்தோம். சிவக்கவில்லை. மறுநாளே களத்துக்குப் போய்விட்டாராம். உச்சி வெயிலில் துண்டைக்கூடத் தலையில் போடாமல் நின்றார் என்று மதினி சொன்னார். ஆறேழு மாதம் நன்றாகச் சாப்பிட்டார். நெல்லைக் கடித்தார், ஆட்களை விரட்டினார். ஊரில் யாருக்கோ மாடு செத்தபோது, அந்தியில் பிணம் எடுத்ததால்தான் என்று பேச்சு வந்தது. கருப்பையா பெரியவர் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டார்.

பிறகு மறுபடி அடைத்துக்கொண்டது. துண்டில் துப்பிக்கொண்டே வந்தார். இன்னொரு தடவை அதே மருந்தைப் போடலாம், மறுபடி சில மாதம் சாப்பிடலாம் என்றார் டாக்டர். வெள்ளைச்சாமி அண்ணன் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “சோறு வேணாமாண்ணே உங்களுக்கு? ஒரு மாசம், பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தா முடிஞ்சுபோகும்” என்று டாக்டர் இருப்பதையும் மறந்து சத்தம் போட்டேன்.

“நர்சம்மா, எங்க ஆத்தா மொகத்த நான் ஒரு பொழுது பூராவும் பாக்காம சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நீங்களும் பக்கத்துலதான இருந்தீக?” என்றார். குரல் ரொம்ப மெலிந்துவிட்டது. “எனக்கு இன்னும் எத்தன நாளுன்னு நீங்க சொல்ல மாட்டீக. நானும் கேக்கல. எத்தனையா இருந்தாலும் அது வெளிச்சத்துலயே போகட்டும். மறுக்கா இருட்டு வேணாம்.”

டாக்டர் காரணம் கேட்கவில்லை. மூக்குக் குழாய் போட்டு அனுப்பினோம். அவர் போன பிறகு ஸ்டோர் ரூமுக்குள் போய் நின்றேன். ஒரு பொட்டு வெளிச்சம் வராமல் அடைத்த அந்த ரூம் மேல் அன்றைக்கு எனக்கு வெறுப்பு வந்தது. மருந்து மேல் குறையில்லை. தூங்கச் சொன்ன இடத்தில் தூங்கியது, விழிக்கச் சொன்ன இடத்தில் விழித்தது. அந்த ஒரு மாதம் ஆள் என்ன செய்வார் என்பது மருந்தின் கணக்கில் இல்லை, எங்கள் கணக்கிலும் இல்லை. இப்போது வருகிற மருந்துக்கு வெயில் பயம் கிடையாது என்கிறார்கள். இருக்கட்டும், நல்லதுதான். அதற்கு என்ன பயமோ, அது எந்த வீட்டுக் கூரையில் இருக்கிறதோ, அதை அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும் என்று மட்டும் ஸ்டெல்லாவுடைய வார்டில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

குழாய் மாற்றவும் வலிக்கு ஊசி போடவும் வாரா வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். முதல் நாள் போனபோதே கூரையில் சாக்கு இல்லை. கண்ணாடி ஓட்டு வெயிலுக்கு நேர் கீழே கட்டில் கிடந்தது. வெயில் நகர நகர மதினி கட்டிலை இழுத்துப் போடுவார். காலையில் சுவரோரம், மத்தியானம் நடு அறை, சாயங்காலம் வாசல் பக்கம். அந்த வலது புறங்கையில் தோல் வெளுத்துப்போய் இருந்தது. அந்தக் கையைத்தான் வெயிலில் நீட்டிக்கொண்டு படுத்திருப்பார். கடைசி வாரத்தில் பேச்சு நின்றுவிட்டது. அதற்கு முன்னால் கருப்பையா பெரியவரிடம் ஒன்று மட்டும் சொல்லிவைத்திருந்தார்: “என்னைய உச்சியில எடுங்க.”

உச்சிப் பொழுதிலும் அந்த ஊரில் எடுப்பதில்லை. பெரியவர் அதற்கும் பதில் சொல்லிக்கொண்டார். “அந்தியிலயும் எடுத்தாச்சு. இதையும் எடுத்துட்டுப் போறோம்” என்றாராம். திருப்பூரில் வேலை பார்த்த மகன் வந்து எல்லாம் செய்தான். நிழல் காலடியில் நிற்கிற நேரத்தில் தூக்கினார்கள். தெருமுனையில் பெண்கள் நின்றோம். பாடையை அங்கே ஒரு தடவை இறக்கி வைத்தார்கள். முகத்தைத் துணி போட்டு மூடவில்லை. அத்தனை வெயிலும் நேராக அந்த முகத்தில் விழுந்தது.

என் கை என்னைக் கேட்கவில்லை. கக்கத்தில் இருந்த கறுப்புக் குடையை எடுத்து விரித்து, அவர் முகத்துக்கு மேல் நீட்டிவிட்டேன்.

சிவகாமி மதினி என் மணிக்கட்டைப் பிடித்தார். “விடுங்க நர்சம்மா. படட்டும்” என்றார்.

நான் குடையை மடக்கினேன். அவர்கள் தூக்கிக்கொண்டு களத்துப் பக்கமாகப் போனார்கள்.